சானிடைசருக்கு சாகாத கிருமி: அம்மாவோட வாட்டில நிண்ட நாக்கள்

காலில புண் பழுத்துப்போய் அம்மாவ மட்டக்களப்புப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில வச்சிருந்தம். அன்டிபயோட்டிக் ஊசி தொடங்கி 6ஆவது நாள் வயித்தால போக வெளிக்கிட்டுது, ஒரு நாளைக்கு 10, 12 தரம், தண்ணியா, ஒருமாதிரி நாத்தம். சாப்பாடு ஒத்துக்கொள்ளல்ல எண்டு நினைச்சு நான் வெளிய பாமசில நிப்பாட்டுற குளிசை வாங்கிட்டு வந்தன், நல்லகாலம் வாட்டு நர்ஸ் மிஸ்ஸி கண்டுட்டா. அதக் குடுத்தா நஞ்சு வெளிய போகாம குடலுக்குள்ளயே நிண்டுரும் எண்டு நல்லா ஏசினா.

மலம் டெஸ்ட் பண்ணித்தான் தெரிஞ்சது, சி டிஃப் எண்ட கிருமி. அன்டிபயோட்டிக் குடல்ல இருக்கிற நல்ல பக்டீரியாவையும் அழிச்சிர, வெறுமையான இடத்தில இது பெருகி நஞ்சு விடுதாம்.

எனக்கு நெஞ்சு பதறினது அடுத்த கதையிலதான். இந்தக் கிருமி வித்து மாதிரி ஆகிக் கிடக்குமாம், கட்டில் கம்பியில, கொமட்டில மாசக்கணக்கில, சானிடைசருக்கு சாகாது, கைய சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணில கழுவி விட்டாத்தான் போகும் எண்டார் டொக்டர். வயல்ல கோரைக்கு மருந்தடிச்சா மேல கருகும், கிழங்கு அப்படியே கிடக்கும், அதுதான் ஞாபகம் வந்தது. நான் அவ்வளவு நாளும் அம்மாக்கு பெம்பஸ் மாத்திட்டு கட்டில் கால்ல தொங்கின சானிடைசர ரெண்டு சொட்டு தேச்சிட்டு, அதே கையால பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கு பிளாஸ்கில தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருக்கன். மூணு நாளால ஆச்சிக்கும் தொடங்கிட்டு. என்ட கையாலதான் போனதெண்டு ஒருத்தரும் சொல்லல்ல, ஆனா அண்டைக்கு ராவு எனக்கு நித்திரையே இல்ல.

பழைய ஊசிய நிப்பாட்டி, இந்தக் கிருமிய அழிக்கிற வன்கோமைசின் எண்ட வேற அன்டிபயோட்டிக் தந்தாங்க, 10 நாள், ஒரு நாளைக்கு 4 தரம். ஊசி மருந்தக் கரைச்சு குடிக்கக் குடுக்கிறாங்களே எண்டு நான் சண்டைக்கே போயிட்டன். நரம்பால ஏத்தினா குடலுக்குள்ள வந்து சேராது, குடிச்சாத்தான் வேலை செய்யும் எண்டு மிஸ்ஸி விளங்கப்படுத்தினா. 4ஆம் நாள்தான் அம்மா கஞ்சி கேட்டா.

நான் சவுக்காரக் கட்டிய ரெண்டா வெட்டி, பாதிய ஆச்சிட மகளிட்ட குடுத்து எல்லாத்தையும் சொன்னன். "தங்கச்சி, எங்களுக்கு இத ஆரும் சொல்லல்லயே" எண்டு அவ அழுதுட்டா.

வீட்ட வந்தும் கக்கூசுக்கு குளோரின் போட்டுத்தான் கழுவினன். 6 பேரில ஒராளுக்கு திரும்ப வருமாம், அநேகமா 2 மாசத்துக்குள்ள. அதால அம்மாட கிளினிக் கொப்பில முதல் பக்கத்திலயே 'சி டிஃப் வந்தது' எண்டு சிவப்புப் பேனையால எழுதி வச்சிருக்கன், எந்த டொக்டர் அன்டிபயோட்டிக் எழுதப்போனாலும் முதல்ல அதக் காட்டுறன்.