காக்க வைத்தது நான்தான்

எங்கள் டாக்டருக்கு ஆன்லைன் ரிவ்யூவில் விழும் ஒற்றை ஸ்டார்களில் நிறைய எனக்குச் சேர வேண்டியவை. காலையில் வரச்சொல்லி, கொஞ்சம் வெட்டி, கட்டுப்போட்டு உட்கார வைத்தார்களாம். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு மறுபடியும் வெட்டினார்களாம். முதல் தடவையே சரியாக எடுக்கத் தெரியாதா என்று கேள்வி. அந்த ஒரு மணி நேரமும் அதை எழுதியவருடைய தோல் என் கையில் இருந்தது. தோல் புற்றை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்கையும் அங்கேயே மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் மோஸ் சர்ஜரி நடக்கும் இடத்தில் லேப் டெக்னீஷியன் நான்.

மூக்கோரத்திலிருந்து எடுத்த துண்டு சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக வரும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரிய ஓரங்களில் வெவ்வேறு நிற மை தடவுவோம். பிறகு அதை அழுத்தி, பக்கவாட்டு ஓரமும் அடிப்பக்கமும் ஒரே தளத்தில் படியும்படி செய்து, கிரையோஸ்டாட் என்ற, உறைகுளிரில் வைத்துச் சீவும் மெஷினில் உறைய வைக்க வேண்டும். மைனஸ் 20, 25 டிகிரி. அதிலிருந்து சில மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு அனுப்பினால் டாக்டரே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். கொழுப்பு இருந்தால் தொல்லை. அது சரியாக உறையாது, பிளேடில் கிழியும். திரும்பவும் முதலிலிருந்து.

ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் புற்று செல் தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு எடுப்பார்கள். இரண்டாவது முறை கூப்பிடுவது அதற்குத்தான். வழக்கமான முறையில் துண்டைக் குறுக்கே சில இடங்களில் மட்டும் சீவிப் பார்ப்பதால், ஓரத்தில் பெரும்பகுதி கண்ணில் படாமலே போகும். இதில் ஓரம் முழுவதும் தெரியும். பேசல் செல் புற்று என்ற தோல் புற்று முதல் முறை வந்திருந்தால், ஐந்தாண்டுவரை திரும்பாமல் குணமாகிறவர்கள் 99 சதவீதம் வரை என்கிறார்கள். 1930களில் ஃபிரெடரிக் மோஸ் இதை ஆரம்பித்தபோது துத்தநாக குளோரைடு பசையைத் தோலில் பூசி, அது ஊறும்வரை காத்திருந்து அடுக்கெடுத்தார். ஒரு நாளுக்கு ஒரு அடுக்கு என்று இழுக்கும், வலி வேறு. அப்போது ஸ்டார் போடும் வசதி இருந்திருந்தால் மனிதர் கடையைச் சாத்தியிருப்பார்.

ஆனால் எல்லாப் புகாரையும் தள்ளிவிட மாட்டேன். மிளகளவு இருந்த பருவுக்கு இவ்வளவு பெரிய குழியா என்று எழுதுகிறவர் நியாயமாகத்தான் கேட்கிறார். நல்ல தோலுக்கு அடியில் புற்று பரவியிருக்கலாம் என்பதை வெட்டுவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நெற்றியில் வெட்டினால் அடுத்த ஓரிரு நாளில் கண்ணிமை வீங்கிக் கறுத்துப்போகும். கண்ணாடியில் பார்த்துப் பதறியவர் அப்போதே போட்டோவோடு எழுதிவிடுவார். தழும்பு அடங்க ஒரு வருடம்கூட ஆகும், ரிவ்யூ முதல் வாரத்தில் வந்துவிடும். வருடம் கழித்துத் திரும்பி வந்து திருத்துகிறவர் அபூர்வம்.

ஐந்து ஸ்டாரும் இதே கதைதான். வலியே தெரியவில்லை, சீக்கிரம் முடிந்தது, ரிசப்ஷனில் சிரித்துப் பேசினார்கள். வலி தெரியாதது மரத்துப்போகிற ஊசியின் புண்ணியம். ஓரம் சுத்தமாக வந்ததா என்பது திட்டுகிறவருக்கும் தெரியாது, புகழ்கிறவருக்கும் தெரியாது. அது என் கண்ணாடித் துண்டில் இருக்கிறது.

எனக்கு எரிச்சல் வருவது பதில்களைப் பார்த்துத்தான். தங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும். நோயாளி விவரத்தை டாக்டர் வெளியில் பேச முடியாது, எழுதியவர் தன் நோயாளி என்று ஒப்புக்கொள்வதே ரகசியத்தை உடைப்பதாகிவிடும். புரிகிறது. அதற்காக எல்லாருக்கும் ஒரே வரியை ஒட்டினால் திட்டியவருக்கு இன்னும்தான் கோபம் ஏறும்.

மூக்கில் திறந்த காயத்தோடு உட்கார்ந்திருந்தபோது உள்ளே ஊழியர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் டாக்டர் அதை அச்செடுத்து லேப் கதவில் ஒட்டினார். அதிலிருந்து ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் யாராவது ஒருவர் வெளியே போய் நிலவரம் சொல்லியாக வேண்டும். ரிசப்ஷன் பெண் வந்து கதவைத் தட்டுவாள்.

"அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"கொழுப்பு கிழியுது. இருபது நிமிஷம் ஆகும்னு சொல்லு."

கொழுப்பு விஷயத்தை மட்டும் அவள் அங்கே சொல்வதில்லை.