மாகடல் சூழ் கோகரணம்

கர்நாடகக் கடற்கரையில் உள்ள கோகர்ணத்துக்கு முதல் தடவை போனபோது திட்டத்திலேயே கோளாறு. இரண்டு நாளில் உடுப்பி, கொல்லூர், முருதேஸ்வரம், கோகர்ணம் என்று அடுக்கிவிட்டேன். கோகர்ணத்துக்குப் போய்ச் சேரும்போது மதியமாகி நடை சாத்தியிருந்தார்கள். மூடிய கதவைக் கும்பிட்டுவிட்டு வண்டியேறினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பல வருஷம் உறுத்தியது.

தேவாரத் தலங்களில் துளுநாட்டுத் தலம் என்று சம்பந்தரும் அப்பரும் பாடியது இந்தக் கோகர்ணம் ஒன்றைத்தான். தேவாரம் ஓதும் வீட்டில் பிறந்த அம்மாவுக்கு அது சும்மா ஓர் ஊர்ப்பெயர் இல்லை.

அதனால் இந்த முறை கோகர்ணத்தில் மட்டும் மூன்று இரவு. மழைக்காலம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்தக் கரையில் கொட்டித் தீர்க்கும். சிவராத்திரிக்குப் பெரிய தேர், கூட்டமும் அப்படித்தான். இரண்டையும் விட்டு டிசம்பரைப் பிடித்தோம். சென்னையில் இரவு மெயிலில் ஏறினால் மறுநாள் மதியம் மங்களூர். அங்கிருந்து கொங்கண் பாதையில் வடக்கே. இடதுபக்கம் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்குங்கள். ஹொன்னாவரில் ஷராவதி கடலோடு சேரும் இடத்துப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கீழே ஆறா கடலா என்று தெரியாத தண்ணீர், நடுவில் தென்னந்தீவுகள். என் பெண் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

அங்கே ஒரு வரிசை உண்டு. முதலில் கடலில் முழுக்கு, அப்புறம் பிள்ளையார், பிறகுதான் மகாபலேஸ்வரர். விடிவதற்கு முன்பே கரைக்குப் போனோம். அம்மாவின் கையை நான் ஒருபுறமும் மகள் ஒருபுறமும் பிடித்துக்கொள்ள, மூன்று முழுக்கு.

ராவணன் கயிலையிலிருந்து ஆத்மலிங்கத்தை வாங்கி இலங்கைக்குக் கொண்டுபோன வழி இது. தரையில் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. சந்தியா வந்தனம் செய்ய வேண்டி, அங்கே நின்ற சிறுவனிடம் கொடுத்தான். சிறுவனாக வந்தவர் விநாயகர். மூன்று முறை கூப்பிட்டுவிட்டு லிங்கத்தைக் கீழே வைத்துவிட்டார். கோபத்தில் ராவணன் குட்டிய பள்ளம் பிள்ளையாரின் தலையில் இன்றும் இருக்கிறது. அந்தச் சிறிய கோயிலில் நின்று அதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. குட்டு வாங்கியாவது நமக்காக லிங்கத்தை இங்கே நிறுத்தி வைத்த பிள்ளை அல்லவா?

மகாபலேஸ்வரர் சந்நிதியில் லிங்கம் நம்மூர் போல உயர்ந்து நிற்காது. ஆவுடையார் நடுவே ஒரு குழி. அதற்குள் கையை விட்டால்தான் தெரியும். ராவணன் இழுத்து இழுத்து லிங்கம் முறுகிப் பசுவின் காது போல் ஆனதாம், ஊருக்கும் அதனால்தான் அந்தப் பெயர் என்கிறார்கள். அர்ச்சகர் கைகாட்ட, அம்மா குனிந்தாள். வில்வமும் தண்ணீரும் நிறைந்த அந்தக் குழிக்குள் விரல்கள் மெல்லத் துழாவின, சட்டென்று நின்றன. கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் நின்ற கன்னடக்காரப் பாட்டி கொஞ்சமும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்து என் முறை. ஈரக் கல்லின் குளிர்ச்சி, விரல்நுனிக்கு எட்டும் ஒரு சிறு மேடு, அவ்வளவுதான். அது போதும்.

முருதேஸ்வரத்தை ஒரு பகலில் போய்வரலாம். 123 அடி சிவன், லிஃப்ட் வைத்த இருபது நிலைக் கோபுரம், மூன்று பக்கமும் கடல் என்று குழந்தைகளுக்கு நிச்சயம் பிடிக்கும். ஓம் பீச்சும் குட்லே பீச்சும் பக்கத்திலேயே. ஆனால் தரிசனத்தை முதல் நாள் காலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். மனசு நிறைந்த பிறகு கடலைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது.

தரிசனம் முடிந்து கோயிலுக்கு எதிரே கடற்கரை மணலில் உட்கார்ந்தோம். “மாகடல் சூழ் கோகரணம்னு அப்பர் பாடினது இந்தக் கடலைத்தானேடி?” என்றாள் அம்மா. அப்புறம் டிபன் சாப்பிடப் போனோம். எழுபது வயதில் ஒருநாளும் ஸ்பூன் தொடாதவள், அன்றைக்கு ஸ்பூன் கேட்டு வாங்கி இட்லி சாப்பிட்டாள். வலது கையை மடியில் மூடியே வைத்திருந்தாள்.