அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணோமா? முதலில் ப்ளூடூத்தைப் பாருங்கள்

விண்டோஸ் அப்டேட் முடிந்து லேப்டாப் திரும்ப ஆன் ஆகிறது. டாஸ்க்பாரில் வைஃபை குறி இல்லை. பலரும் உடனே நெட்வொர்க் ரீசெட் அழுத்துகிறார்கள், அல்லது ஃபார்மட் செய்யக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலான நேரம் அப்டேட் செய்திருப்பது ஒரே ஒரு வேலைதான்: வைஃபை கார்டின் டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை, மாற்றியிருக்கும். அதைப் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் வேலை எந்த இடத்தில் நின்றது என்பது தெரிய வேண்டும். கார்டே தெரியவில்லையா, கார்டு தெரிந்தும் டிரைவர் ஓடவில்லையா, நெட்வொர்க் பெயர் தெரிந்தும் சேரவில்லையா, சேர்ந்தும் இணையம் வரவில்லையா? நான்குக்கும் நான்கு தனி வைத்தியம்.

ஆரம்பிக்கும் முன் லேப்டாப்புக்கு இணையம் கொடுத்துவிடுங்கள். லேன் கேபிள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிளில் இது நடக்காது. போன் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே டெதரிங் போட்டால் பெரும்பாலான போன்கள் அந்த இணையத்தையே கேபிள் வழியாகக் கொடுக்கும். மொபைல் டேட்டா செலவாகாது.

இப்போது ப்ளூடூத். இன்றைய லேப்டாப்புகளில் வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டில்தான் இருக்கின்றன. ஆனால் வைஃபை பகுதி விண்டோஸோடு பேசுவது வேறு பாதை, ப்ளூடூத் பேசுவது யுஎஸ்பி பாதை. அதனால் ப்ளூடூத் வேலை செய்து வைஃபை மட்டும் போயிருந்தால், கார்டுக்கு மின்சாரம் வருகிறது, சந்தேகம் டிரைவர் மீது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே போயிருந்தால் கார்டு உறைந்துபோயிருக்கலாம், அல்லது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்பில்) அணைந்திருக்கலாம். இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுத்து, ஸ்டார்ட் பொத்தானில் ரைட் க்ளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் வரிசையை விரியுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்201, ரியல்டெக் 8821சிஇ, மீடியாடெக் எம்டி7921 போன்ற ஏதாவது ஒரு பெயர் இருக்க வேண்டும். பெயரில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் டபுள் க்ளிக் செய்யுங்கள். ஜெனரல் டேபில் இருக்கும் கோட் எண்தான் நமக்கு வேண்டியது. 22 என்றால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள், எனேபிள் செய்தால் தீர்ந்தது. 28 என்றால் டிரைவரே இல்லை. 39 என்றால் டிரைவர் கோப்பை விண்டோஸால் ஏற்ற முடியவில்லை. யுஎஸ்பியில் செருகும் பழைய வைஃபை டாங்கிள்களில் விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பு அந்த டிரைவரைத் தடுப்பதாலும் இது வரும். அடிக்கடி வருவது 10, 'இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை' என்பது.

கோட் 10 வந்தாலோ, கார்டே பட்டியலில் இல்லாவிட்டாலோ, டிரைவரைத் தொடும் முன் கார்டை முழுசாக அணைத்து எழுப்புங்கள். வைஃபை கார்டுக்குள் ஒரு சிறு ப்ராசஸரும் அதை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருளும் இருக்கின்றன. லேப்டாப்பை ஷட்டவுன் செய்தாலும் கார்டுக்குக் காத்திருப்பு மின்சாரம் போய்க்கொண்டிருக்கலாம். பழைய டிரைவர் விட்டுப்போன நிலையிலேயே கார்டு மாட்டிக்கொண்டால், புது டிரைவர் கூப்பிடும்போது பதில் சொல்லாது. போதாக்குறைக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருந்தால், ஷட்டவுன் என்பது உண்மையான ஷட்டவுனே அல்ல. விண்டோஸ் தன் கெர்னல் (மையப் பகுதி) நிலையை வட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே திரும்ப ஏற்றும். ரீஸ்டார்ட்டில் இது நடக்காது. 'அணைத்துப் போட்டேன், சரியாகவில்லை. ரீஸ்டார்ட் செய்தேன், வந்துவிட்டது' என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது: ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். சார்ஜரையும் யுஎஸ்பியில் செருகியிருப்பவற்றையும் பிடுங்குங்கள். பவர் பொத்தானை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிகிற பழைய மாடல் என்றால் அதையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். டிரைவரையே தொடாமல் இதிலேயே கார்டு திரும்பி வந்துவிடுவது உண்டு.

வரவில்லையா? டிரைவருக்கு வருவோம். அடாப்டரின் ப்ராபர்ட்டீஸில் டிரைவர் டேபைத் திறந்து, தேதியையும் வெர்ஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரோல் பேக் டிரைவர். காரணம் கேட்கும், எதையாவது தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் நம்பிக்கை இழக்க வேண்டாம். அப்டேட் டிரைவர் அழுத்தி, 'ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர்', அதற்குள் 'லெட் மீ பிக்' என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் டிரைவர் கிடங்கில் பழைய வெர்ஷன் மிச்சமிருந்தால் அங்கே ஒரே பெயரில் இரண்டு மூன்று வரிகள் தெரியும், ஒவ்வொன்றுக்கும் வேறு வெர்ஷன் எண். இப்போது இருப்பதைவிடப் பழையதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். ரோல் பேக் மறுத்ததை இந்தப் பாதை பலமுறை செய்துவிடும். இது தெரியாமலேயே பலர் ஃபார்மட் வரைக்கும் போகிறார்கள்.

கிடங்கிலும் இல்லை என்றால் டவுன்லோட் செய்ய வேண்டியதுதான். கார்டு யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டீட்டெயில்ஸ் டேபில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்று தேர்ந்தெடுத்தால் 'வென்' (VEN) என்ற எழுத்துகளுக்குப் பின் நான்கு இலக்கம் வரும். 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 168சி குவால்காம் ஏதெராஸ், 14இ4 பிராட்காம். 'அறியாத சாதனம்' என்று மட்டும் காட்டும்போதும் இந்த எண் பொய் சொல்லாது. இன்டெல் என்றால் இன்டெல் தளத்திலேயே வைஃபை டிரைவர் கிடைக்கும். மற்றவற்றுக்கு லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுவதே பாதுகாப்பு. அங்கும் கிடைக்காதபோது மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் ஹார்ட்வேர் ஐடியை ஒட்டித் தேடலாம். வரும் கேப் (.cab) என்ற சுருக்கிய கோப்பை செவன்-ஜிப் மென்பொருள் கொண்டு ஒரு ஃபோல்டரில் பிரித்து, ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர் வழியாக அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தோடு வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

நிறுவும் முன் கெட்ட டிரைவரை எடுத்துவிட வேண்டும். அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுக்கும்போது, டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். டிக் இல்லாமல் அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் புது டிரைவர் கையில் வந்த பிறகே டிக் போடுங்கள்.

கார்டு நன்றாக இருக்கிறது, நெட்வொர்க் பெயரே தெரியவில்லை என்றால் சர்வீசஸ் பட்டியலில் 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' ஓடுகிறதா, ஸ்டார்ட்டப் வகை ஆட்டோமேட்டிக்கா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியாவிட்டால் ரவுட்டரின் சேனலைக் கவனியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 12, 13 இரண்டையும் எல்லா டிரைவர் அமைப்பும் பார்ப்பதில்லை. 1, 6, 11 மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு கொடுத்தும் சேரவில்லை என்றால், அந்த நெட்வொர்க்கை ஃபர்கெட் செய்துவிட்டு மறுபடி சேருங்கள். ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு அமைப்பில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறை இருந்தால் சோதனைக்காக டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் வையுங்கள். வீட்டில் சேர்ந்து, கல்லூரியிலோ அலுவலகத்திலோ மட்டும் சேரவில்லை என்றால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் 802.1எக்ஸ் முறையில் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் இருக்கும். 2023 டிசம்பரில் வந்த கேபி5033375 அப்டேட் விண்டோஸ் 11-ல் இப்படிப்பட்ட நெட்வொர்க்குகளைத்தான் அதிகம் பாதித்தது; மைக்ரோசாஃப்ட் அதே மாதம் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. இப்படியான நேரத்தில் டிரைவரோடு மல்லுக்கட்டுவது வீண். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய், பிரச்சினைக்குச் சற்று முன் வந்த அப்டேட்டை நீக்குங்கள். விண்டோஸின் பெரிய வெர்ஷனே மாறியிருந்தால் சிஸ்டம், ரிகவரி பகுதியில் 'கோ பேக்' இருக்கும். அதற்கு வழக்கமான அவகாசம் 10 நாள்தான்.

சேர்ந்தாயிற்று, இணையம் மட்டும் இல்லை என்றால் வைஃபையின் ஹார்ட்வேர் ப்ராபர்ட்டீஸில் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தும் தளங்கள் திறக்காவிட்டால் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிச் சோதியுங்கள். அதற்கும் அசையாதபோது நான் முதலில் சந்தேகப்படுவது விபிஎன்னையும் ஆன்டிவைரஸையும்தான். நெட்வொர்க் கனெக்ஷன்ஸில் வைஃபையின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் ஒரு டிக் பட்டியல் வரும். அதில் மைக்ரோசாஃப்ட் அல்லாத நிறுவனத்தின் ஃபில்டர் இருந்தால் டிக்கை எடுங்கள். இணையம் வந்துவிட்டால் அந்த மென்பொருளை நீக்கிப் புது வெர்ஷனை நிறுவ வேண்டும்.

நெட்வொர்க் ரீசெட்டுக்கு முறை இப்போதுதான். அது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் நீக்கித் திரும்ப நிறுவும். விபிஎன் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டிவரலாம், வைஃபை பாஸ்வேர்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பலனில்லாமல் கார்டு பயாஸிலும் தெரியவில்லை என்றால், கார்டு தளர்ந்திருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய கட்டம் அது. வாரன்டி இருந்தால் சர்வீஸ் சென்டர், இல்லாவிட்டால் தற்காலிகத்துக்கு ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள்.

வைஃபை திரும்ப வந்ததும் உடனே ஒரு வேலை பாக்கி. கெட்ட டிரைவரை விண்டோஸ் அப்டேட் மறுபடி கொண்டுவரும், சில சமயம் அன்று இரவே. அதனால் அப்டேட்டை 'பாஸ்' (Pause) கொடுத்துத் தற்காலிகமாக நிறுத்துங்கள். விண்டோஸ் 11-ல் ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம். ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் க்ரூப் பாலிசி எடிட்டரில், விண்டோஸ் அப்டேட் பகுதியில், 'டூ நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ் வித் விண்டோஸ் அப்டேட்ஸ்' என்பதை எனேபிள் செய்தால் பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும், டிரைவர்கள் வராது. வேலை செய்த டிரைவர் கோப்பை, வெர்ஷன் எண்ணைப் பெயராக வைத்து ஒரு பென்டிரைவில் போட்டுவையுங்கள்.