திருமயத்திலிருந்து வேட்டங்குடி வரை

பொங்கல் விடுமுறைக்குச் செட்டிநாட்டுப் பக்கம் போயிருந்தபோது எடுத்த படங்களில் ஆறை மட்டும் இங்கே பகிர்கிறேன். மற்றவை என் கைநடுக்கத்துக்குத்தான் சாட்சி.

முதல் இரண்டும் திருமயம் கோட்டையின் உச்சியில், பீரங்கி நிற்கும் மேடையிலிருந்து எடுத்தவை. 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய அந்தக் கோட்டைக்குள், சிறுவயதில் ஐயாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறிய அதே பாறையில், இம்முறை இரண்டு இடங்களில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள நேர்ந்தது.

கானாடுகாத்தான் வீடுகளை ஏற்கெனவே எல்லோரும் எடுத்துவிட்டார்கள் என்பதால் ஒரு படத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த இரண்டும் திருப்பத்தூர் அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிபவை நத்தைக்குத்தி நாரைகள். என் கைப்பேசிக்கு எட்டியது அவ்வளவுதான். கரையோரம் ஒன்று இறங்கியபோதுதான், அதன் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் விலகி நிற்பதையும், அந்த அலகால் சேற்றிலிருந்து நத்தையைக் கவ்வி எடுப்பதையும் கண்ணால் பார்த்தேன். இப்பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகவே தீபாவளிக்கும் வெடி வெடிக்காதவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

ஆறாவது படம், ஆயா வீட்டு ஆத்தங்குடித் தரை. அதில் நிழலாகத் தெரிவது நான்தான்.