துடிக்கும் பெடல்: ஒரு மாத நாட்குறிப்பு

மார்ச் 1, ஞாயிறு

என் பழைய காரின் பிரேக் பெடல் மறுபடியும் துடிக்கிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்தால், பாதத்துக்கு அடியில் யாரோ கட்டைவிரலால் தட்டுவதைப் போல இருக்கிறது. வேகம் குறையக் குறையத் தட்டும் நிதானமாகிறது. சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றின் வேலை இது. ஸ்டீயரிங்கும் கூடவே நடுங்குவதால் முன்சக்கரங்கள்மீதுதான் சந்தேகம். 1966ஆம் ஆண்டு வண்டி. முன்னால் டிஸ்க் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிப்பது. பின்னால் டிரம் பிரேக். டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார் லெ மான் கார்ப் பந்தயத்தை வென்றது 1953இல். பதின்மூன்று ஆண்டுகளில் அந்தச் சாமான் என் வண்டியைப் போன்ற சாதாரணக் கார்களுக்கும் வந்துவிட்டது.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "டிஸ்க் வளைந்துபோயிருக்கும்." எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வார்ப்பிரும்பு அவ்வளவு சுலபமாக வளையாது. அளந்து பார்க்காமல் யார் சொல்வதையும் ஏற்பதாக இல்லை, என் ஊகம் உட்பட.

மார்ச் 7, சனி

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரங்களைக் கழற்றினேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன். ரப்பர் ஹோஸின் மீது அதன் எடை விழக் கூடாது. காலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட் எந்தக் காலத்தது என்று தெரியவில்லை. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதவில்லை. ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிப் போட்டேன்.

முதல் அளவிலேயே ஏமாந்தேன். டிஸ்க்கின் தடிமனைப் பார்க்க வெர்னியரை வைத்தபோது 12.5 மி.மீ. காட்டியது. புதிதில் 12.7 இருந்திருக்கும், தேய்மானமே இல்லை என்று ஒரு நிமிடம் மகிழ்ச்சி. பிறகுதான் டிஸ்க்கின் வெளிவிளிம்பில் பேட் தொடாத இடம் வரப்பு மாதிரி நிற்பதைக் கவனித்தேன். வெர்னியர் அந்த வரப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. மைக்ரோமீட்டரை விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே வைத்து, சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்தேன். இடது டிஸ்க் ஓரிடத்தில் 12.09, எதிர்ப்புறத்தில் 12.04. இந்த 0.05தான் என் காலைத் தட்டுகிறது. தடித்த பகுதி பேடுகளுக்கு இடையே வரும்போது, பேடை அழுத்தும் பிஸ்டன் பின்னால் தள்ளப்படுகிறது. மெலிந்த பகுதி வரும்போது முன்னால் வருகிறது. அந்த அசைவு பிரேக் ஆயில் வழியாக நேரே பெடலுக்கு வந்துவிடுகிறது.

கையேட்டில் குறைந்தபட்ச அளவு 11.4. லேத்தில் சீவிக் கடைய இடம் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

தடிமன் ஏன் இப்படி மாறியது? டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு அசைகிறது என்று காட்டும் டயல் கேஜைப் பொருத்திச் சுற்றிப் பார்த்தேன். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் கேஜ் பொய் சொல்லும் என்பதால் முதலில் அதைச் சரிசெய்துகொண்டேன். இடது டிஸ்க் 0.19 மி.மீ. கோணியபடி சுற்றுகிறது. அனுமதி 0.10.

இந்த வண்டியில் டிஸ்க்கும், சக்கரம் பூட்டும் நடுப்பகுதியான ஹப்பும் நான்கு போல்ட்டுகளால் இணைந்தவை. பிரித்ததும் விஷயம் புரிந்தது. இரண்டும் உட்காரும் முகத்தில் துரு பொருக்குத் தட்டி நின்றது. நகத்தால் சுரண்டினால் தகடாக வருகிறது. அந்தப் பொருக்கின்மேல் டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்காதபோதும் சுற்றுக்கு ஒருமுறை ஒரே இடம் பேடை உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உரசினால் அந்த இடம் மெலியும். வளைந்தது எதுவும் இல்லை!

கம்பித் தூரிகையால் தேய்த்து, உப்புத்தாள் போட்டுச் சுத்தம் செய்து பூட்டியதும் 0.11. டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாற்றிப் பூட்டினேன், 0.07. காசு செலவில்லாமல் கிடைத்த இந்த 0.04க்காக மாலை முழுக்க விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, புதன்

லேத் பட்டறை. டிஸ்க்குகளை ஹப்போடு சேர்த்தே கொண்டுபோனேன். பேரிங் உட்காரும் இடத்தை ஆதாரமாகப் பிடித்துக் கடைந்தால் மிச்சமுள்ள கோணலும் போய்விடும். கடைசல்காரர் வலது டிஸ்க்கை முதலில் எடுத்தார். ஒவ்வொரு முகத்திலும் மெல்லிய சீவல்கள், கரும்பொடியாக உதிர்ந்தன. 11.74இல் நிறுத்தினார். முகம் மங்கிய வெள்ளியாக, எங்கும் ஒரே சீராக இருந்தது.

இடதில் சிக்கல். பாதிச் சுற்றில் கத்தி கீச்சிட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு விரலை வைக்கச் சொன்னார். நீலம் பாரித்த ஐந்தாறு திட்டுகள். சுற்றியுள்ள இரும்பு சீவப்பட்டிருக்க, அவை மட்டும் தீவுகளாக எழும்பி நின்றன. எப்போதோ அளவுக்கு மீறிச் சூடான இடங்களில் இரும்பின் அமைப்பே மாறி, சிமென்டைட் என்ற கடினமான பொருளாக இறுகியிருக்கிறது. கத்தி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது.

"சாணைக்கல்லில் தேய்த்தால் மட்டமாகிவிடுமே?" என்றேன்.

"இன்றைக்கு மட்டமாகும். வேர் உள்ளே இருக்கிறது. மற்ற இடம் தேயும், இது தேயாது. நாலு மாதத்தில் திரும்ப வருவீர்கள் தம்பி."

வாதாட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 1,000 கிலோ வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் ஏறத்தாழ 386 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும்; அதில் பெரும்பங்கை விழுங்குவது முன்னால் இருக்கும் இந்த இரண்டு தட்டுகள்தான். அங்கே சென்டிமென்ட் பார்க்க முடியாது. ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் கடைந்தது என்று ஓட்டவும் மனம் ஒப்பவில்லை. இரண்டும் ஒரே மாதிரி பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆக, ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

மார்ச் 21, சனி

புதிய டிஸ்க்குகள் வந்தன. துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை, துணியில் அழுக்கு ஒட்டாதவரை துடைத்தேன். புதியதுதானே என்று அளக்காமல் விட்டிருந்தால் முட்டாளாகியிருப்பேன்: இடதில் கோணல் 0.13. ஒரு துளை தள்ளியதும் 0.05. பேடும் புதிது, பழைய பேட் பழைய டிஸ்க்கின் வரிகளுக்குப் பழகிப்போனது.

எல்லாம் பூட்டி, நிம்மதியாக உட்கார்ந்து, வண்டியை நகர்த்தி, பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போய்விட்டது. பேடுக்கு இடம் கொடுக்க உள்ளே தள்ளிய பிஸ்டன்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. நகர்த்துவதற்கு முன் நாலைந்து முறை மிதித்து அவற்றை வெளியே வரவழைத்திருக்க வேண்டும். கைபிரேக் காப்பாற்றியது. சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண். இதை எத்தனை பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

மார்ச் 22, ஞாயிறு

காலியான சாலையில் புதிய பேடையும் டிஸ்க்கையும் ஒன்றுக்கொன்று பழக்கினேன். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15வரை மிதமாக மிதித்து, ஆறவிட்டு, மறுபடியும். இருபது முறை. எங்கும் முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடிக்கவில்லை; சூடான பேட் தன் அச்சை டிஸ்க்கில் பதித்துவிடும், துடிப்பு அங்கிருந்தே மறுபடி தொடங்கும். பத்தாவது முறைக்குப் பிறகு கொஞ்சம் கருகல் வாடை. பிறகு அதுவும் அடங்கியது. டிஸ்க் முகத்தில் சீரான சாம்பல் படலம்.

மார்ச் 29, ஞாயிறு

400 கிலோமீட்டர் ஓடியாயிற்று. சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தேன், கேஜையும் வைத்தேன். இடது இன்னும் 0.05. 70இல் மிதித்தால் பெடல் அசையவில்லை.

வலது பக்கத்துப் பழைய டிஸ்க்கை மட்டும் எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, மேலே 11.74 என்று எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.