‘மொனே’ பழகிய அனுபவம்

பிரெஞ்சுப் பாடநூலில் பணத்துக்கு முதலில் கற்றுத் தருவது ‘அர்ஜான்’ என்ற சொல்லை. ஆனால் பாரிஸில் காய்கறி வாங்கப் போகிறவருக்கு அதைவிட அடிக்கடி தேவைப்படுவது ‘மொனே’ என்பதால், அந்த ஒரு சொல்லைக் கடைத்தெருவிலேயே புழங்கிப் பழகுவது என்று முடிவு செய்தேன். சில்லறைக்கும் மீதிப் பணத்துக்கும் ஒரு நாட்டின் நாணயத்துக்கும் இது ஒன்றே சொல். செய்ன் நதிக்கரையில் இருக்கும், 864-ஆம் ஆண்டில் தோன்றிய நாணயச்சாலைக்கும் ‘மொனே த பரி’ என்றுதான் பெயர்.

ரொட்டிக் கடை எனக்கு நல்ல பயிற்சிக்களமாக அமைந்தது. அங்கே காசைக் கையில் கொடுக்காமல் கல்லாவின் முன்னால் இருக்கும் சிறு தட்டில் வைக்கும் வழக்கம் உண்டு. அந்தத் தட்டின் பெயரும் ‘ரமாஸ்-மொனே’. சிறிய தொகைக்கு இருபது யூரோத் தாளை நீட்டினால், ‘வூசாவே த லா மொனே?’, அதாவது சில்லறை இருக்கிறதா, என்ற கேள்வி வருவது உறுதி. ஆகவே முதலில் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டு, கடைக்காரர் கேட்பதற்கு முன் நானே ‘ஜே லப்வேன்’, சரியான தொகை வைத்திருக்கிறேன், என்று சொல்லப் பழகினேன். சரியான தொகையைக் கொடுப்பது வாங்குபவரின் பொறுப்பு என்று பிரெஞ்சுச் சட்டமே சொல்வதால், கடைக்காரரின் முகச்சுளிப்பைக் குறை சொல்ல முடியாது.

சொல்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வதுதான் கடினமாக இருக்கிறது. எண்ணின் இறுதி ஒலி ‘எரோ’ என்று ஒலிக்கும் யூரோவோடு ஒட்டிக்கொள்வதால், இரண்டு யூரோ ‘தெஸெரோ’ என்றும் பன்னிரண்டு யூரோ ‘தூஸெரோ’ என்றும் காதில் விழுகின்றன. அலிக்ர் சந்தையின் இரைச்சலில் இவ்விரண்டையும் பிரித்தறிய, தொகையைக் கேட்டவுடன் அதை நானே உரக்கத் திருப்பிச் சொல்லும் முறை நன்றாகக் கைகொடுத்தது. காசுகளின் மேல் ‘யூரோ சென்ட்’ என்று பொறித்திருந்தாலும், ‘சான்’ என்றால் நூறு என்பதாலோ என்னவோ, பிரான்சில் எல்லோரும் ‘சான்தீம்’ என்றே சொல்கிறார்கள்.

சந்தையில் கூடுதலாகக் கிடைத்த சொல் ‘சூ’. ஐந்து சான்தீம் மதிப்பிருந்த அந்தப் பழைய காசு மறைந்து, 2002-இல் பிராங்க்கும் புழக்கத்திலிருந்து போய்விட்ட பிறகும், கையில் தம்படி இல்லை என்று நாம் சொல்வதுபோல அவர்கள் ‘சூ’ இல்லை என்கிறார்கள். அன்றாடப் பேச்சில் இதைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறேன். அலுவலகங்களில் ‘அர்ஜான்’தான் பொருத்தம்.

இப்போது மீதியைக் கேட்டு வாங்குவதும், ‘கார்தே லா மொனே’ என்று விட்டுக்கொடுப்பதும் இயல்பாக வருகின்றன. எழுபதுக்கு மேற்பட்ட சான்தீம் தொகைகள் மட்டும் இன்னும் தடுமாற வைக்கின்றன: தொண்ணூற்றைந்தை ‘நான்கு இருபது பதினைந்து’ என்று அடுக்கிச் சொல்லும்போது, ‘நான்கு’ காதில் விழுந்ததும் கை தானாகக் காசை எண்ணத் தொடங்கிவிடுகிறது.