மியூசிக் சர்வருக்குப் பழைய டாக் வாங்கும்போது சிப் பெயரைக் கடைசியில் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் டாக் (டிஜிட்டல் தரவை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி, DAC) தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, உள்ளே என்ன சிப் இருக்கிறது என்றுதான். விற்பவர்களும் அதையே கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்: இஎஸ்9018, ஏகே4490, பிசிஎம்1794. சிடி பிளேயரோடு இணைக்கப்போகிற டாக் என்றால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. பாட்டுக் கோப்புகளை ஓட்டும் கணினியான மியூசிக் சர்வருக்கு வாங்கும்போது வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியோ பழைய மினி பிசியோ, திரையும் கீபோர்டும் இல்லாமல் ஒரு மூலையில் இரவு பகலாக ஓடப்போகிறது. அதனிடமிருந்து டாக் எப்படித் தரவை வாங்குகிறது, மாதக்கணக்கில் அணைக்காமல் இருந்தால் தாங்குமா, கரண்ட் போய் வந்தால் அதே இன்புட்டில் தானாக எழுந்து நிற்குமா? முதலில் இவைதான். நல்ல சிப் இருந்தும் இந்த மூன்றில் ஒன்று சொதப்பினால் தினமும் எழுந்து போய் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

யூஎஸ்பியில் இருந்து தொடங்குவோம். யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 1 என்பது 1998-இல் வந்த நெறிமுறை. நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் ஓடுவதால் ஸ்டீரியோவுக்கு நடைமுறை உச்சம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். 2006-இல் வந்த கிளாஸ் 2 பொதுவாக 480 மெகாபிட் வேகத்தில் ஓடும். 192, 384 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் அதில்தான் சாத்தியம். இரண்டுக்கும் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. விண்டோஸுக்கு கிளாஸ் 2 டிரைவர் உள்ளடங்கி வந்தது 2017-இல்தான், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில். ஆகவே பழைய டாக்கின் கையேட்டில் "டிரைவர் நிறுவவும்" என்று இருந்தால் மிரள வேண்டாம், பெரும்பாலும் அது விண்டோஸ்காரர்களுக்குச் சொன்னது. மேக்கிலோ ஐபேடிலோ டிரைவர் இல்லாமல் ஓடும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். அப்படி ஓடினால் அது பொது நெறிமுறையில் பேசும் கருவி, லினக்ஸிலும் ஓடும் என்று கிட்டத்தட்ட நம்பலாம். எந்தக் கணினியானாலும் டிரைவர் கட்டாயம் என்று எழுதியிருந்தால், அதே மாடலை யாராவது லினக்ஸில் ஓட்டியிருக்கிறார்களா என்று தெரியாமல் தொடாதீர்கள்.

டாக் சிப்பைவிட, யூஎஸ்பி வழி வரும் தரவை வாங்கிக்கொள்ளும் ரிசீவர் சிப்பின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது பயனுள்ள வேலை. பிசிஎம்2704, 2706 குடும்பம் என்றால் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு கதை முடிந்தது. பின்னால் எவ்வளவு உயர்ந்த டாக் சிப் இருந்தாலும் யூஎஸ்பி வழியில் அவ்வளவுதான். டெனார் டிஇ7022 என்றால் 44.1, 48, 96 வரும்; 88.2 வராது. 2012-இல் வந்த ஓடாக் என்ற டாக்கின் முதல் வடிவம் இந்தச் சிப்பில்தான் ஓடியது. உங்கள் சேமிப்பில் 88.2 கிலோஹெர்ட்ஸ் ஆல்பங்கள் இருந்தால், சர்வரில் நேரடி வன்பொருள் வழி (ஒலியை மாற்றாமல் அப்படியே டாக்குக்கு அனுப்பும் அமைப்பு) போட்டிருக்கும்போது அந்தப் பாட்டு பிழை காட்டி நிற்கும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் வேறு வேகத்துக்கு (சாம்பிள் ரேட்) மாற்றப்பட்டு ஒலிக்கும். எக்ஸ்மாஸ், சி-மீடியா சிஎம்6631ஏ, அமனேரோ இவற்றில் ஏதாவது இருந்தால் அது கிளாஸ் 2 கருவியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் ரிசீவர் செய்ய முடிந்ததை எல்லாம் தயாரிப்பாளர் திறந்துவிட்டிருப்பார் என்று இல்லை, ஆகவே மாடலின் விவரத்தாளையும் பாருங்கள்.

இதற்காக கிளாஸ் 1 டாக்குகளை ஒதுக்கிவிடாதீர்கள். சேமிப்பு முழுவதும் சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் கோப்புகள், இடையிடையே சில 96 கிலோஹெர்ட்ஸ் ஆல்பங்கள் என்றால் 24/96 கருவி தாராளமாகப் போதும். "192 வராது" என்ற ஒரே காரணத்துக்காக நல்ல அனலாக் பகுதியும் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள கருவிகள் சந்தையில் மலிவாகக் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் செகண்ட் ஹேண்டில் உண்மையான லாபம் அங்கேதான்.

கிளாஸ் 1 கருவியை ராஸ்பெர்ரி பையில் மாட்டுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 3பி, 3பி பிளஸ் வரையிலான போர்டுகளில் ஈதர்நெட்டும் யூஎஸ்பி போர்ட்டுகளும் ஒரே யூஎஸ்பி 2 பாதையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நெட்வொர்க்கில் இருந்து பெரிய கோப்பை இழுத்துக்கொண்டே யூஎஸ்பியில் ஒலியைத் தள்ளும்போது டிக், டிக் என்று வெட்டு விழலாம். டாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பை 4-இலிருந்து இரண்டும் தனித்தனிப் பாதை என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

கோஆக்சியல், ஆப்டிகல் இன்புட் மட்டும் உள்ள பழைய டாக்குகளும் சர்வருக்கு உதவும். ராஸ்பெர்ரி பையின் தலையில், இந்த வெளியீடுகளைத் தரும் ஒரு எஸ்பிடிஃப் போர்டு வைத்தால் போதும். இங்கேயும் உச்சவரம்பை ரிசீவர் சிப்தான் தீர்மானிக்கிறது. சிஎஸ்8414, டிஐஆர்9001 என்றால் 96 வரை, சிஎஸ்8416, ஏகே4118 என்றால் 192 வரை. ஆப்டிகலில் 96 வரை நிம்மதி; 192 என்பது கேபிளையும் இரு முனைச் சாக்கெட்டுகளையும் பொறுத்தது. ஆப்டிகலின் பெரிய வரம், சர்வருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே மின் இணைப்பே இல்லாமல் போவது. பலரும் கவனிக்காத தொல்லை வேறொன்று. சில டாக்குகள் வேகம் மாறும்போது மறுபடி பிடித்துக்கொள்ள அரை நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டு, அதுவரை வாயை மூடிக்கொள்ளும். 44.1 பாட்டுக்குப் பின் 96 பாட்டு வந்தால் பல்லவியின் முதல் சொல் காணாமல் போகும். சோதிக்கும்போது வெவ்வேறு வேகக் கோப்புகளை மாற்றி மாற்றி அடுக்கிப் போட்டுப் பாருங்கள்.

யூஎஸ்பி வழியில் கிரவுண்ட் லூப் (கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகி விடுவது) வந்து ஹம் கேட்டால், மின் இணைப்பை வெட்டித் தரவை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர் வாங்க உடனே தோன்றும். மலிவான ஐசொலேட்டர்களில் பல ஏடியூஎம்4160 சிப்பில் ஓடுபவை. அவற்றின் உச்சம் 12 மெகாபிட். கிளாஸ் 2 டாக்கை அதன் வழியே மாட்டினால் ஒன்று 96-க்குச் சுருங்கும், இல்லையேல் கருவியே தெரியாது. வேகம் 480 என்று தெளிவாகப் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

அடுத்து பவர். தனி அடாப்டரோடு வரும் டாக் என்றால் அடாப்டரின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏசி வெளியீடு தரும் அடாப்டர் கேட்கிற டாக்குகள் உண்டு. உள்ளே டையோடுகளை வைத்து நேர், எதிர் இரண்டு வோல்டேஜையும் உருவாக்கிக்கொள்ளும் வடிவமைப்பு அது. ஒரிஜினல் தொலைந்து, கையில் கிடைத்த டிசி அடாப்டரை விற்பவர் சேர்த்திருந்தால் எதிர்ப்பக்க வோல்டேஜே வராமல் போகலாம். ஒலி நசுங்கி வரும் அல்லது வரவே வராது. டிசி கேட்பவற்றில் நடு முள் பாசிட்டிவா நெகட்டிவா என்று இரண்டு லேபிளிலும் ஒத்துப் பாருங்கள். நேரடியாகச் சுவரில் மாட்டுபவை என்றால் பின்பக்க வோல்டேஜைப் படியுங்கள். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக் கருவிகள் 100 வோல்ட்டுக்கானவை. 230 வோல்ட் உள்ள இடத்தில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டினால் அதோடு முடிந்தது. பேட்டரி உள்ள கையடக்க டாக்கைச் சர்வருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எப்போதும் சார்ஜிலேயே கிடந்து, சூட்டில் லித்தியம் செல் உப்பிவிடும்.

பழைய டாக்கில் வயதாவது சிப் அல்ல, எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள். அவற்றின் ஆயுள் சுமார் 10 டிகிரி சூடு கூடினால் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே ரெகுலேட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒட்டி நிற்பவைதான் முதலில் போகும். மூடியைத் திறக்க முடிந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்: தலை உப்பியிருக்கிறதா, காலடியில் பழுப்புக் கசிவு இருக்கிறதா, பழைய கோந்து கருத்து அருகிலுள்ள டையோடு கால்களை அரித்திருக்கிறதா. மாற்றுவதென்றால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை, அதே கால் இடைவெளி. சுவிட்ச் மோடு பவர் சப்ளை என்றால் குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) வகைதான் போட வேண்டும். அதன் முதல்பக்கக் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும் என்பதால், பிளக்கைப் பிடுங்கி மீட்டரில் அது வடிந்ததை உறுதி செய்யாமல் விரலை உள்ளே விடக் கூடாது. ஆப்-ஆம்ப் (அனலாக் ஒலியைக் கையாளும் பெருக்கிச் சிப்) மாற்றப்பட்ட கருவிகளிடமும் எச்சரிக்கை வேண்டும். என்இ5532 இருந்த சாக்கெட்டில் அதிவேக ஆப்-ஆம்பைச் செருகினால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் அது ஊசலாடத் தொடங்கலாம். சில நிமிடத்தில் விரல் வைக்க முடியாத சூடு என்றால் சந்தேகம் அதன்மேல்தான்.

வெளிப்பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதுர யூஎஸ்பி பி சாக்கெட் உறுதியானது. மைக்ரோ யூஎஸ்பி என்றால் பிளக்கை மெல்ல அசைத்துப் பாருங்கள், இணைப்பு விட்டு விட்டு வந்தால் உள்ளே சாலிடர் பட்டை கிளம்பியிருக்கும். ஆப்டிகல் சாக்கெட்டின் குட்டிக் கதவு உடைந்திருந்தால் பரவாயில்லை, பிளக் பிடிப்பாக நிற்கிறதா என்பதே முக்கியம். ஓஎல்இடி திரை மங்கியிருந்தால் அது எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியது என்பதற்குச் சாட்சி.

இனி மல்டிமீட்டர். காதால் ஐந்து நிமிடம் கேட்டுப் பார்ப்பதைவிட இந்தக் கால் மணி நேரம் அதிகம் சொல்லும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை முழு உயரத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸில் உருவாக்கி ஃப்ளாக்காகச் சேமியுங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம்; மலிவு மீட்டர்கள் ஏசியில் சுமார் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும். ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிவிட்டு, டாக்கின் வால்யூமை முழுதாக வைத்து, ஆர்சிஏ சாக்கெட்டின் நடு முனையிலும் வெளி வளையத்திலும் மீட்டர் முள்ளை வையுங்கள். 2 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் காட்ட வேண்டும். மூன்று முனை எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில் இரண்டாம் மூன்றாம் முனைகளுக்கு இடையே பொதுவாக 4 வோல்ட். இடது 2.00, வலது 1.98 என்றால் வித்தியாசம் 0.1 டெசிபெல்கூட இல்லை. வலது 1.88 காட்டினால் அரை டெசிபெல், பாடகரின் குரல் நடுவிலிருந்து நகரத் தொடங்கும். வால்யூம் குமிழ் உள்ள டாக் என்றால் குமிழைக் கால்வாசிக்கு இறக்கி மறுபடி அளந்து பாருங்கள், தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டர் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பெஞ்ச்மார்க் டாக்1 போன்ற ஸ்டுடியோ கருவிகளில் எக்ஸ்எல்ஆர் அளவைக் குறைக்க உள்ளே ஜம்பர்கள் உண்டு. முந்தைய உரிமையாளர் எதில் விட்டிருக்கிறார் என்று பார்க்காமல், வெளியீடு குறைவு என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

பிறகு ஒலியே இல்லாத கோப்பு ஒன்றை ஓடவிட்டு மீட்டரை டிசி மில்லிவோல்ட்டுக்கு மாற்றுங்கள். 10 மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் நல்லது. 50-ஐத் தாண்டினால் ஆப்-ஆம்போ வெளியீட்டுக் கெபாசிட்டரோ கெட்டிருக்கலாம். முள்ளை எடுக்காமலே டாக்கை ஆன், ஆஃப் செய்யுங்கள். எண் ஒரு நொடி வோல்ட் கணக்கில் எகிறினால் அந்த நேரத்தில் வெளியீட்டைத் துண்டிக்க வேண்டிய மியூட் ரிலே வேலை செய்யவில்லை. அந்த உதை அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். ஒரு மணி நேரம் சூடான பின் டிசியை இன்னொரு முறை அளந்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரோடு இணைத்த பிறகு ஹம் கேட்டால், டாக்குக்குப் போகும் யூஎஸ்பி கேபிளை மட்டும் பிடுங்குங்கள். நின்றுபோனால் கிரவுண்ட் லூப். தனி பவர் உள்ள கருவியில் அப்போதும் நிற்காமல் கரகரத்தால் டாக்கின் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம்.

சர்வரில் மாட்டியதும் ப்ராக் அடைவுக்குள் அசவுண்ட் (/proc/asound) என்ற இடத்தைத் திறந்து, டாக்குக்கான கார்டின் அடைவில் ஸ்ட்ரீம்0 (stream0) கோப்பைப் படியுங்கள். டாக் ஏற்கும் வேகங்களும் பிட் வடிவமும் அதில் வரிசையாக இருக்கும். அசிங்க், அடாப்டிவ் என்ற குறிப்பும் இருக்கும். அசிங்க் என்றால் கடிகாரம் டாக்கினுடையது, அதுவே விரும்பத்தக்கது. அடாப்டிவ் என்றால் கணினியின் போக்குக்கு டாக் ஈடுகொடுக்கிறது. உள்ளே நல்ல ரீசாம்பிளர் வைத்துள்ள கருவிகளில் இது பெரிய குறையல்ல. பாட்டு ஓடும்போது ஹெச்டபிள்யூ பாரம்ஸ் (hw_params) கோப்பைப் பார்த்தால் அந்த நொடியில் உண்மையில் என்ன வேகம் போகிறது என்று தெரிந்துவிடும். விளம்பரத்தில் இருந்த எண்களை இங்கே சரிபார்த்துவிடலாம்.

கடைசியாகச் சிப். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் ஆலை எரிந்த பிறகு, டாக் தயாரிப்பாளர்கள் சிலர் மாடல் பெயரில் ஓரிரு எழுத்தை மட்டும் கூட்டி, போட்டி நிறுவனமான இஎஸ்எஸ்ஸின் சிப்புக்கு மாறினார்கள். ஆகவே தயாரித்த ஆண்டையும் கேளுங்கள். டிடிஏ1541ஏ, பிசிஎம்1704 என்று ஆசை காட்டினால் நிதானம் தேவை, அவற்றில் முத்திரை மாற்றிய போலிகள் உலவுகின்றன. ஓவர்சாம்பிளிங்கும் டிஜிட்டல் ஃபில்டரும் இல்லாத நாஸ் டாக்குகள் 44.1-இல் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபெல் இறங்கும், சர்வரிலேயே 88.2-க்கு ஏற்றி அனுப்பினால், அதன் ரிசீவர் அந்த வேகத்தை வாங்கும்பட்சத்தில், அந்த இறக்கம் பெருமளவு சரியாகும். டிஎஸ்டி64 என்ற ஒரு பிட் ஒலி வடிவத்தை டாப் (பிசிஎம் தரவு போலப் பொதிந்து அனுப்பும்) முறையில் அனுப்ப 176.4 கிலோஹெர்ட்ஸ் வேண்டும், கிளாஸ் 1 கருவிக்கு அது எட்டாது. எம்க்யூஏ (ஒரு ஒலிச் சுருக்க வடிவம்) என்ற முத்திரைக்காக ஒரு காசு கூடக் கூட்டித் தராதீர்கள். டைடல் இசைச் சேவை 2024-இல் அதைக் கைவிட்டுவிட்டது.

வாங்கியாகிவிட்டது என்றால், சர்வரில் பாட்டை ஓட்டும் எம்பிடி மென்பொருளில் மிக்ஸரை "இல்லை" என்று வைத்து, டாக்கைக் கார்டு எண்ணால் அல்லாமல் கார்டு பெயரால் குறிப்பிடுங்கள். ரீபூட் ஆகும்போது எண் இடம் மாறி, ஒலி ஹெச்டிஎம்ஐக்குப் போய்விடுவது வழக்கமான புகார். பிறகு பாட்டு ஓடும்போதே டாக்கின் பவரைப் பிடுங்கி மறுபடி மாட்டுங்கள். சர்வருக்கும் அதையே செய்யுங்கள். இரண்டு முறையும் யாரும் கைவைக்காமல் அதே இன்புட்டுக்குத் திரும்பி, அடுத்த பாட்டைக் கட்டளையிட்டதும் ஒலித்தால் மூலையில் வைத்து மூடிவிடலாம். இன்புட்டை மறக்கும் கருவி என்றால், விற்பவரிடம் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.